நடுவில் கட்டிய குளோரைட்டு

பேராசிரியர் தில்லையம்பலம் வீட்டு பெல்லை மூன்று தடவை அழுத்தினேன். எனக்கு வந்த கோபத்துக்கு மூன்றும் காணாது.

நான் றுஸ்னா. மாத்தளையில் இரசாயனம் படிப்பிக்கிறேன். மீதி நேரத்தில் இவரிடம் ஆராய்ச்சிப் பட்டம். இருபத்து நான்கு தண்ணீர் மூலக்கூறுகள், அவற்றோடு உப்பிலிருந்து பிரிந்த ஒரேயொரு குளோரைட்டு அயன். அது எங்கே போய் நிற்கிறது என்று கொம்பியூட்டரில் பார்ப்பதுதான் நாலு வருஷ வேலை. என் கணக்கில் அது ஒவ்வொரு முறையும் வெளி விளிம்புக்கே வந்தது.

"பிழை. நடுவிலதான் நிக்கும்" என்றார் தில்லையம்பலம் சேர். கூடப் படிக்கும் பவித்ரனின் கணக்கில் அவர் சொன்னபடியே நின்றது. அவன் கெட்டிக்காரன், நான் மக்கு. ஆறு மாதம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து என்னையே திட்டிக்கொண்டேன்.

நேற்று பவித்ரனிடம் கேட்டு அவனுடைய கணக்குக் கோப்பை வாங்கினேன். கணக்கின் தொடக்கத்தில், தண்ணீர் சுற்றி ஒழுங்காக அமரும்வரை அயனை நடுவில் கட்டிவைப்போம். ஒரு வரிக் கட்டளை. பிறகு அந்த வரியை எடுத்துவிட வேண்டும். முதல் மாதமே படிக்கிற பாடம். அவன் எடுக்கவேயில்லை.

கதவைத் திறந்த சேரிடம் அந்த வரியை அச்சிட்ட தாளை நீட்டினேன். வாசித்தார். முகம் மாறவில்லை.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா சேர்?"

"போன மாசம் கண்டனான். அதுக்குள்ள எங்கட ஆராய்ச்சிப் பேப்பரை சஞ்சிகைக்காரர் ஏற்றுக்கொண்டிட்டாங்கள். சின்னப் பிழை பிள்ளை, ஆர் பாக்கப்போறினம்? உம்மட பேரும் அதில இருக்கு. அந்தப் பேப்பர் இல்லாட்டி உமக்குப் பட்டம் இல்லை. இரும், தேத்தண்ணி குடியும்."

போன கிழமைகூட இந்த மனுஷன் என்னிடம், "இன்னும் சரிவரேல்லையோ?" என்று கேட்டார். தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார்!

"கட்டிப் போட்டுட்டு, அசையல்லன்னு செல்றீங்களே. வெக்கமா இல்லையா?"

"சத்தம் போடாதையும்."

நான் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே சஞ்சிகை ஆசிரியருக்குப் போனில் மின்னஞ்சல் எழுதினேன்: முடிவு பிழை, காரணம் இது, என் பெயரை நீக்குங்கள். பவித்ரனின் கோப்பை இணைத்தேன். சேருக்கும் ஒரு பிரதி போட்டு அனுப்பினேன்.

மேசையில் கிடந்த அவருடைய போன் டிங் என்றது.

"என்னத்தை அனுப்பினனீர்?"

"ஏண்ட பட்டத்த, சேர்" என்றேன்.