மார்ச் இருபத்திரண்டு, மாலை மூன்று மணி, அனுமதி இலவசம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் மேல்வரிசைப் பற்கள் சாட்சியாகச் சொல்கிறேன். கட்டுப்பற்கள்தான். ஆனாலும் பதினொரு வருஷமாக என் வாயில் குடியிருப்பவை, நான் ஒரு பொய் சொன்னால் அந்த இடத்திலேயே கழன்று விழுந்துவிடும். இதுவரை சாப்பிடும்போது மட்டும்தான் விழுந்திருக்கின்றன.

ஜப்பானின் வடக்கே ஹகோடாதேயில், மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் சரிவு ஒன்றில் எங்கள் தெரு. இருபத்து நான்கு வீடுகள். மேலிருந்து எண்ணினால் நான் இருபத்து மூன்றாவது. குடியிருப்போர் மன்றத்தில் எனக்கு ஒரு பொறுப்பு உண்டு: வரப்போகும் நிகழ்ச்சிகளை எழுதுவது. இன்ன தேதியில் இன்னார் உரை, இன்ன மாலை கவிதை வாசிப்பு, இன்ன காரியத்துக்கு நன்கொடை விற்பனை என்று மாதம் ஒரு தாள். அதைச் சுற்றுப்பலகையில் மாட்டி, தலைவர் தொகாஷி முதல் வீட்டில் கொடுப்பார். அவர்கள் தங்கள் பெயருக்கு நேரே, கையெழுத்துக்குப் பதிலாக, வீட்டுப் பெயர் முத்திரையைக் குத்தி இரண்டாவது வீட்டில் கொடுப்பார்கள். இப்படியே சரிவில் இறங்கி, கடைசி வீடு முத்திரை குத்தியதும் பலகை தொகாஷியிடம் ஏறிப் போகும்.

பெயருக்கு நேரே இரண்டு கட்டங்கள். ஒன்று 'பார்த்தேன்', மற்றது 'வருவேன்'. எங்கள் தெருவில் யாரும் தாளைப் படிப்பதில்லை. இரண்டிலும் குத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் தொகாஷி ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில், "நாளைக்கு உங்க முத்திரை இருக்கு" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. முத்திரை இருந்தால் வந்தாக வேண்டும். தன் சொந்தக் கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வடிகால் பராமரிப்பு பற்றிய உரைக்கு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். கல்யாணம் பிறகு நடக்கவே இல்லை. வடிகால் நன்றாக இருக்கிறது.

படிக்கிறவர் ஒரே ஒருவர்தான். இருபத்து நான்காவது வீட்டு கிகுயோ சான். சான் என்பது பெயரோடு சேர்க்கும் எங்கள் ஊர் மரியாதைச் சொல். எனக்கும் கடலுக்கும் நடுவில் அவருடைய வீடு. பத்தொன்பது வருஷமாக மாதம் ஒருமுறை நான் பலகையோடு அவர் வாசலில் நிற்பேன். அவர் வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, சத்தமாகப் படிப்பார். பிறகு முத்திரையைத் தேடுவார். அது எப்போதும் பழைய பிஸ்கட் டின்னில்தான் இருக்கும். ஆனால் அவர் முதலில் தேடுவது தையல் பெட்டியில், அப்புறம் கோட்டுப் பையில், அப்புறம் அரிசிப் பானைக்குப் பின்னால். டின்னில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக நான் சொன்னதில்லை. அவர் தேடுகிற நேரம் மட்டும்தான் எனக்குக் கிடைக்கும் நேரம். வாசல் படியைத் தாண்டி ஒருநாளும் என்னை உள்ளே கூப்பிட்டதில்லை, நானும் செருப்பைக் கழற்றியதில்லை.

போன அக்டோபரில் அவர் மகன் ஷும்பெய் ஸப்போரோவிலிருந்து வந்தான். அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போகவேண்டும் என்று.

"எப்ப கிளம்பறீங்க?" என்று வாசலில் நின்றபடி கேட்டேன். காற்று எப்படி இருக்கிறது என்று கேட்கிற குரலில்தான் கேட்டேன்.

"அடுத்த வாரமே வான்னு சொல்றான். நவம்பர்ல என்ன போட்டிருக்கீங்க?" என்று தாளை வாங்கினார்.

நவம்பரில் ஒன்றுமே இல்லை. ஆனால் தாளில் இருந்தது. மகன் வந்திருக்கிறான் என்று தெரிந்ததுமே நான் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'மூடுபனியின் வகைகள் பதினேழு: அறிஞர் உரை.'

"பதினேழா! எனக்கு மூணுதான் தெரியும்" என்று சொல்லி முத்திரையைத் தேடப் போனார். உள்ளே மகனுடைய குரல் கேட்டது. "குத்திட்டியாம்மா? சரி, அப்ப அது முடியட்டும்."

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. தாளில் நிகழ்ச்சி இருக்கும்வரை கிகுயோ சான் போகமாட்டார்.

உரை நாளன்று மன்றக் கூடத்தில் இருபத்து நான்கு வீடும் உட்கார்ந்திருந்தது. அறிஞர்தான் இல்லை. அந்த நேரம் பார்த்து எரிவாயு மீட்டர் கணக்கெடுக்க ஒருவர் கூடத்துக்குள் வந்தார். தொகாஷி அவர் கையைப் பிடித்து மேடையில் ஏற்றி, தேநீர் கொடுத்து, "தூரத்திலிருந்து வந்திருக்கீங்க" என்று குனிந்து வணங்கினார். இத்தனை பேர் குனிந்த பிறகு இல்லை என்று சொல்ல அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. இரண்டு மணி நேரம் மூடுபனி பற்றிப் பேசினார். பதினேழு வகையும் சொன்னார். பதினெட்டாவது ஒன்று கேள்வி நேரத்தில் கிடைத்தது. இப்போது அவர் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராக அதே உரையை ஆற்றுகிறார் என்று கேள்வி.

திரும்பி நடக்கும்போது கிகுயோ சான் சொன்னார்: "இஸோகிச்சி சான், அந்த ஆளு போன மாசம் என் வீட்டு மீட்டரைப் பார்த்தாரு."

"அறிஞர்களுக்கு இப்ப வருமானம் கம்மி."

"உங்க வாயில பல்லு நிக்குதே, அதுதான் ஆச்சரியம்" என்றார்.

டிசம்பருக்குக் கவிதை மாலை போட்டேன். பொருள்: மௌனம். பொருளுக்கு மரியாதை கொடுத்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு மணி நாற்பது நிமிஷம். கடைசியில் மீன்கடை நெமோதோவின் வயிறு இரைந்தது. முதலில் ஐந்து இரைச்சல், இடைவெளி, ஏழு, மறுபடி இடைவெளி, ஐந்து: அளவு பிசகாத ஹைக்கூ. நடுவர் எழுந்து நின்று முதல் பரிசை வயிற்றுக்கு அறிவித்தார். கிகுயோ சான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. நான் மேடையையே பார்க்கவில்லை.

ஜனவரியில் மகன் மறுபடி வந்தான். பிப்ரவரியில் நன்கொடை விற்பனை இருந்தது. ஆரம்பப் பள்ளியின் முயல்கூட்டுக்குக் கூரை போட. தேவையில்லாத பொருளைக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தேன். எங்கள் தெருவில் தேவையில்லாத பொருள் என்றால் பிரிக்காத பெட்டியில் இருக்கும் துண்டுதான். யாரோ யாருக்கோ கொடுத்தது, வீட்டுக்கு வீடு சுற்றுவது. இருபத்து நான்கு துண்டுப் பெட்டிகள் வந்தன, இருபத்து நான்கும் விற்றன. முயல்களுக்கு ஓட்டுக்கூரையும் பால்கனியும் கிடைத்தன. நான் கொடுத்த பெட்டியில் நீலத் துண்டு. ஓரத்தில் ஒரு சின்ன மீன். அதைக் கிகுயோ சான் வாங்கினார்.

"இது நீங்க குடுத்ததுதானே?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"பெட்டி மேல மீன் குழம்புக் கறை. நான் இதை வெச்சுக்கப் போறேன்" என்றார்.

வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றார். அன்று நான் டிராமில் ஏறாமல் பள்ளியிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். பனியில் இரண்டு தரம் விழுந்தேன். வலிக்கவில்லை.

மார்ச் பிறந்தது. ஷும்பெய் இந்தத் தடவை மூட்டை கட்டும் அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினான். சாமான் வண்டி இருபத்து மூன்றாம் தேதிக்கு. வாசலில் பார்த்தபோது கிகுயோ சான் அவராகவே கேட்டார்: "இந்த மாசம் என்ன போடப் போறீங்க?" கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வாசல் மணியைத் துடைத்தார். அதில் தூசி இல்லை.

என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக, நடக்கப் போகிற ஒன்றை எழுதுவது என்று முடிவு செய்தேன். மற்ற வீடுகள் எல்லாம் குத்தி முடித்து, வியாழக்கிழமை காலையில் பலகை என்னிடம் வந்ததும், தாளின் அடியில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டினேன்.

'மார்ச் 22, ஞாயிறு, மாலை மூன்று மணி. இடம்: இருபத்து மூன்றாம் வீடு. ஒரு கிழவர் பக்கத்து வீட்டுக்காரரிடம், போகாதீர்கள் என்று கேட்பார். அனுமதி இலவசம். காலணிகளைக் கழற்றவும்.'

அதை அவர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிச் சத்தமாகப் படிக்கும்போது எதிரில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக, எல்லோரும் செய்கிறபடி நானும் செய்தேன். பலகையைக் கதவில் சாய்த்து வைத்து, மணியை அழுத்திவிட்டு, ஓடினேன். ஓடினேன் என்றால் என் வேகத்தில். வீட்டில் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. டிராம் ஏறி நகரத்துக்குள் போய், தரையில் போட்டு உட்கார இரண்டு மெத்தைத் திண்டு வாங்கினேன். என் வீட்டில் இருந்தது ஒன்றுதான்.

மறுநாள் காலை தொகாஷி வீட்டுக்குப் போனேன். பலகை திரும்பியிருந்தது. 'வருவேன்' கட்டத்தில் கிகுயோ சானின் முத்திரை. தலைகீழாக.

"தலைகீழா இருக்கே" என்றேன்.

"கை நடுங்கியிருக்கும்" என்றார் தொகாஷி. சீட்டை அவர் படிக்கவில்லை. தலைவரே படிப்பதில்லை.

கை நடுங்கியிருக்கும். அந்தச் சொல்லை வீடுவரை ஏந்திக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை பனிப்புயல். அவர் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. நிழல் நடமாடியது. போய்ப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் போய்ப் பார்த்தால் நிகழ்ச்சியின் மரியாதை கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

ஞாயிறு. உருளைக்கிழங்கு வேகவைத்து வெண்ணெய் வைத்தேன். கணவாய் மீன் சுட்டேன். பற்களைத் தேய்த்தேன், கழற்றி ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை. இரண்டு திண்டையும் எதிரெதிரே போட்டேன், அது விசாரணை போல இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் போட்டேன், அது பேருந்து போல இருந்தது. கோணலாகப் போட்டபோது சரியாக இருந்தது. மூன்று மணிக்கு, ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லாமல், மணி அடித்தது.

ஷும்பெய் நின்றிருந்தான். கையில் ஒரு பொட்டலம், அழகான தாள் சுற்றியது.

"இவ்வளவு வருஷம் அம்மாவைப் பார்த்துக்கிட்டீங்க, ரொம்ப நன்றிங்க" என்று குனிந்தான். "நாளைக்குச் சாமான் வண்டி வருது."

"அம்மா?"

"வியாழக்கிழமையே ரயில்ல ஏத்திட்டேங்க. சனிக்கிழமை புயல்னு சொன்னாங்க இல்ல, அதான். சொல்லிட்டுப் போகணும்னு உங்க வீட்டு மணியை மூணு தரம் அடிச்சாங்க. நீங்க இல்லை. ரயிலுக்கு நேரமாச்சுன்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன்."

"வியாழக்கிழமை நான் திண்டு வாங்கப் போனேன்" என்றேன்.

"ஆமாங்களா" என்றான். பிறகு நினைவு வந்தவனாக, "அன்னிக்குக் காலையில மணி அடிச்சுது, அம்மா மாடியில பெட்டி கட்டிக்கிட்டிருந்தாங்க. நான் இறங்கி வந்தா பலகை மட்டும் இருந்துது. முத்திரை பிஸ்கட் டின்ல இருக்கும்னு எனக்குத் தெரியும். நானே குத்தி மேல குடுத்துட்டேன். அம்மாகிட்டக் காட்டலை. முக்கியமா ஏதாவது இருந்துதுங்களா?"

"இல்லை. குப்பை எடுக்கிற நாள் மாறியிருக்கு. அவ்வளவுதான்."

"அப்ப பரவாயில்லை" என்றான். "கிளம்பும்போதுகூட அம்மா, இந்த மாசம் ஒண்ணும் போடலையா அவருன்னு கேட்டாங்க. எனக்கு என்னன்னு புரியலை." இன்னொரு முறை குனிந்தான். உள்ளே கணவாய் தீயும் வாசனை வந்தது. "விருந்தாளி வராங்களா?"

"வரமாட்டாங்க போல" என்றேன்.

அவன் போனபின் பொட்டலத்தைப் பிரித்தேன். வீடு காலி செய்கிறவர்கள் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் துண்டு. நீலம். ஓரத்தில் சின்ன மீன். பெட்டி மேல் மீன் குழம்புக் கறை. யார் கொடுத்ததென்று தெரியாமல் மகன் அலமாரியிலிருந்து எடுத்துச் சுற்றியிருப்பான். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

வெண்ணெய் உறைந்தது. கோணலாகக் கிடந்த திண்டுகளில் ஒன்றில் நான் உட்கார்ந்தேன். ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன்; என் முத்திரையும் அந்தக் கட்டத்தில் இருந்தது. எழுந்திருக்கும்முன், எழுதினபடி நடக்கவேண்டும் என்பதற்காக, கேட்கவேண்டியதை அந்த இன்னொரு திண்டிடம் ஒரு தடவை கேட்டேன். பற்கள் கழன்று விழவில்லை.

இனிச் சொல்வதைப் பற்களைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்கிறேன்: எங்கள் தெருவில் சுற்றுப்பலகை என் வீட்டோடு முடிகிறது; எனக்கு அடுத்து என்றைக்குமே வீடு இருந்ததில்லை, அலைதடுப்புச் சுவரும் கடலும்தான்.