கைதட்டும் வேலை

விடியற்காலை ஐந்தரை மணித் தண்ணீருக்கு மனிதர்கள் மேல் ஒரு தனி விரோதம் உண்டு. குழாயைத் திறந்தால் அது முதலில் வண்டியின் மேல் பாயாது; குழாயைப் பிடித்திருப்பவனின் சட்டைக்குள்தான் பாயும். பதினோரு வருஷமாக அந்த விரோதத்தோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார் பாலிஷ். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வழுக்கைத் தலையால் வந்த பட்டப்பெயர் என்று மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். "காரைத் துடைச்சு மிச்சமாகிற மெழுகை வேற எங்க தடவுறது?"

கார் விற்கும் கடையின் பின்பக்கக் கொட்டகை அது. முன்பக்கம் கண்ணாடிச் சுவர், குளிர்காற்று, வழுக்கும் தரை. பின்பக்கம் சேறு, சோப்பு நுரை, உள்ளங்காலில் ஓதம். விடியும் நேரத்தில் ஒரு நீண்ட லாரி எட்டுப் புது வண்டிகளைச் சுமந்து வரும். நாலு பேர் கட்டையும் கயிறுமாகச் சாய்வுப் பலகையின் இருபுறமும் நின்று ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பிறகு கழுவல், துடைப்பு, பிளாஸ்டிக் உரிப்பு, மெழுகு. மணி ஏழாகும்போது பாலிஷின் விரல்கள் ஊறிச் சுருங்கி, அவருடைய அப்பாவின் விரல்களாக மாறியிருக்கும்.

இதுவரை ஆயிரக்கணக்கான புது வண்டிகளில் முதல் ஆளாக உட்கார்ந்தவர் அவர். ஒன்றில்கூட இரண்டாவது கியரைத் தொட்டதில்லை. கொட்டகையிலிருந்து முன்கூடத்துக்கு இருநூறு அடி. அதற்கு முதல் கியரே ஆடம்பரம்.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. உலகத்தில் இல்லாத வண்டிகளையும் அவர் கழுவுவார். கொட்டகையின் கோடியில் சாம்பல் உறை போர்த்திய பதினோரு கார்கள் நின்றன. "ஸ்டாக் இல்லைங்க, நாலு மாசம் ஆகும். சீக்கிரம் வேணும்னா கொஞ்சம் மேல போட்டுக் கொடுங்க" என்று முன்கூடத்தில் சொல்லப்படும் அதே கார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவற்றின் தூசியைத் தட்டும்போது பாலிஷ் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வார்: "பேயைக் குளிப்பாட்டுறவன் ஊர்லயே நான் ஒருத்தன்தான்."

பின்பக்கத்து ஆட்களுக்கு முன்கூடத்தில் ஒரே ஒரு வேலை உண்டு. வண்டி வாங்கியவர் சாவியைக் கையில் வாங்கும் நேரத்தில், சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து, காரின் பின்னால் வரிசையாக நின்று கைதட்ட வேண்டும். முதலாளியின் கண்டுபிடிப்பு. போட்டோ எடுக்கும்வரை தட்ட வேண்டும். பல் தெரிய வேண்டும். தாளம் பிசகக்கூடாது என்பதற்காக முதல் தட்டு பாலிஷுடையது என்று ஏற்பாடு. அவர் தொடங்கினால்தான் மற்றவர்கள் தொடங்குவார்கள். ஊறிய கைகள் என்பதால் சத்தம் ஈரத்துணியை அடித்துத் துவைப்பதுபோல் இருக்கும். அதற்குக் கூலி கிடையாது, அது 'மரியாதை'.

மச்சானுக்கு அடிபட்டது இந்த வாரத் தொடக்கத்தில்தான்.

மச்சான் என்பவர் பாலிஷின் மனைவியுடைய தம்பி. இந்த வேலைக்கு அவரைக் கூட்டிவந்தவரும் பாலிஷ்தான். வண்டியின் அடிவயிற்றில் துரு பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பூச்சு அடிக்கும் வேலை. பள்ளத்துக்குள் நின்று, தலைக்கு மேலே பீய்ச்ச வேண்டும். கண்ணுக்குப் போட ஒரு கண்ணாடி கேட்டு எட்டு மாசமாயிற்று. அன்றைக்குக் குழலின் மூட்டு பிய்த்துக்கொண்டு பூச்சு முழுக்க முகத்தில் அடித்தது. வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. உள்ளூர் வைத்தியர் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, தள்ளிப்போட்டா பார்வை போயிடும்" என்றார். பெரிய ஆஸ்பத்திரியிலோ, வேலையில்தான் அடிபட்டது என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் மட்டுமே இலவச வைத்தியம்.

அந்தக் கடிதத்தைக் கேட்கக் கொட்டகையின் மற்றப் பதிமூன்று பேரும் காத்திருந்த காலையில், முதலாளியே கொட்டகைக்கு வந்தார். பளபளக்கும் செருப்பு நனையாமல் ஒரு டயரின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"நான் என்னய்யா பண்ணுவேன்? தொழிற்சாலைக்காரன் ஒரு விலை சொல்றான். அதுக்கு மேல அரசாங்கம் ஒரு வரி. அந்த வரியையும் சேர்த்து அதுக்கு மேல இன்னொரு வரி. ரோட்டுல ஓட்ட ஒண்ணு, பதிவு பண்ண ஒண்ணு. விலை மச்சு வீடு மாதிரி ஏறிப்போச்சு. வர்றவன் விலையைக் கேட்டுட்டு, குளுகுளுன்னு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு, எழுந்து போயிடறான். அதனால இந்த மாசத்துலேருந்து சம்பளத்துல எட்டுல ஒரு பங்கு குறைப்பு. நாமெல்லாம் ஒரே குடும்பம். பொறுத்துக்கணும்."

சீட்டுக்கு உறை தைக்கும் சீட்டக்கா ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு கேட்டார். "குடும்பம்னா, அந்தக் கோடியில பதினோரு பிள்ளைங்களைப் போர்த்தி வச்சிருக்கீங்களே முதலாளி, அதுங்களுக்கும் குறைச்சாச்சா?"

யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"மச்சானுக்கு அந்தக் கடுதாசி..." என்று பாலிஷ் இழுத்தார்.

"எந்தக் கடுதாசி? அந்த ஆளு கவனமில்லாம நின்னதுக்கு நான் எழுதித் தரணுமா? கண்ணை மூடிட்டு அடிக்க வேண்டியதுதானே?"

வீட்டில் பெரிய வாய், வெளியில் பொட்டிப்பாம்பு என்று மனைவி சொல்வது எவ்வளவு சரி என்று பாலிஷுக்குத் தோன்றியது. குழாயைத் திறந்தார். தண்ணீர் வழக்கம்போல் சட்டைக்குள் பாய்ந்தது.

பதினோரு மணிக்கு முன்கூடத்திலிருந்து மணி அடித்தது. டெலிவரி. பதிமூன்று பேரும் காலைக் கழுவிக்கொண்டு ஓடினார்கள்.

வாங்க வந்தவர் ஒரு நர்ஸம்மா. வேலை முடித்து நேராக வந்திருந்தார். வெள்ளை உடுப்பின் மடியில் மருந்துக் கறை. கையில் நீளமான ரசீது. முதலாளி போட்டோக்காரரைத் தேடிப் போயிருந்த இடைவெளியில், அவர் பாலிஷைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, நீங்கதான் இதைக் கழுவினீங்களா? முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருக்கு."

"வாருறதுக்கு முடி இருக்கிறவங்க வாரலாம்மா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒன்பது வருஷம் சேர்த்தேன். அம்மாவுக்கு முட்டி போயிடுச்சு, பஸ்ஸுல ஏத்த முடியல. சேர்க்கச் சேர்க்க விலையும் கூடவே ஏறுது. நான் ஒரு படி ஏறினா அது ரெண்டு படி. இதுல பாதி வண்டிக்கு, மீதி எதுக்குன்னே தெரியல. வரி சரி. விரிப்பு, உறை எல்லாம் இவங்ககிட்டத்தான் வாங்கணுமாம். சீக்கிரம் தர்றதுக்குத் தனியா. ஆனா ஒண்ணு மட்டும் மனசார கொடுத்தேன் அண்ணே."

"எதும்மா?"

"இதோ, 'வண்டி தயாரிப்புக் கட்டணம்'. என்ன இதுன்னு கேட்டேன். கழுவுற, பூச்சு அடிக்கிற ஆளுங்களுக்குச் சம்பளம் ஏத்தியிருக்கோம், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை எல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கோம்னார் உங்க முதலாளி. அப்படின்னா சரின்னு கொடுத்துட்டேன்."

பாலிஷ் குனிந்து அந்தத் தொகையைப் பார்த்தார். அவருடைய இரண்டு மாதச் சம்பளம். இந்த வண்டியைக் கழுவ அவருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது.

"எங்களுக்கு ஏத்தலம்மா," என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "இன்னிக்குக் காலையிலதான் குறைச்சாரு. நீங்கல்லாம் வண்டி வாங்க மாட்டேங்கறீங்கன்னு சொல்லிக் குறைச்சாரு. கண்ணாடி வரல. என் மச்சானுக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு."

ஒரே கல்யாணத் தரகரிடம் ஏமாந்த இரண்டு வீட்டார்போல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸம்மாவைக் காட்டி இவர்களிடம் பிடுங்கல். இவர்களைக் காட்டி அவரிடம் பிடுங்கல்.

போட்டோக்காரர் வந்தார். முதலாளி சாவியை உயர்த்திப் பிடித்தார். "ம்... தட்டுங்க!"

முதல் தட்டு வரவில்லை.

பாலிஷின் கைகள் தொடையோரம் தொங்கின. அவர் எதையும் திட்டமிடவில்லை. திட்டமிடும் அளவுக்குத் தைரியசாலியும் இல்லை. கைகள்தான் எழவில்லை. அவர் தொடங்காததால் மற்றவர்களும் தொடங்கவில்லை. அதுதானே ஏற்பாடு.

"பாலிஷ், தூங்கிட்டியா? சரி, நீ நகரு. சீட்டக்கா, நீ ஆரம்பி."

கூடத்தில் குளிர்காற்று இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பாலிஷ் திரும்பிப் பார்க்கவில்லை, பயமாக இருந்தது. இப்போது பின்னால் ஒரு தட்டு கேட்டால் அவர் தனி ஆள்.

"மச்சானுக்குக் கண்ணு வரணும் முதலாளி," என்றார் சீட்டக்கா. "அப்புறம்தான் எங்களுக்குக் கை வரும்."

இருபத்தாறு கைகள் சும்மா இருந்தன. வேலையிலிருக்கும் நேரத்தில் அவை சும்மா இருப்பதை முதலாளி அதுவரை பார்த்ததில்லை.

"நாளைக்கு ஒருத்தனும் இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்க முடியாது, தெரிஞ்சுக்கோங்க!" என்று கத்தியவர், நர்ஸம்மாவிடம் திரும்பிக் குரலைக் குழைத்தார். "மன்னிச்சிடுங்க மேடம். சாவியை வாங்கிக்கோங்க."

"இந்தத் தயாரிப்புக் கட்டணம் யார் கைக்குப் போச்சுன்னு எழுதிக் கொடுங்க. அப்புறம் வாங்கிக்கறேன்."

"அப்படின்னா டெலிவரி தள்ளிப்போகுமே மேடம்."

"ஒன்பது வருஷம் நின்னவளுக்கு ஒரு நாள் பெருசா?" அவர் பாலிஷிடம் திரும்பினார். "கண்ணுல பட்டு எத்தனை நாளாச்சு?... நாலா? ஐயோ, காத்திருக்காதீங்க. நான் பெரிய ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன், சாயங்காலமே கூட்டிட்டு வாங்க, டாக்டர்கிட்ட நான் பேசறேன். கடுதாசியை நீங்க வாங்கற வழியைப் பாருங்க."

மறுநாள் விடியலில் கேட் பூட்டியிருந்தது. பதிமூன்று பேரும் அதன் முன்னால் நின்றார்கள். வலது கண்ணில் கட்டுடன் மச்சானும் வந்தார். கட்டைப் பிரித்த பிறகுதான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும் என்றிருந்தார் டாக்டர்.

"வீட்டுல படுக்கச் சொன்னா கேட்கறியா?" என்று பாலிஷ் கடிந்துகொண்டார்.

"ஒத்தக் கண்ணுக்கு நீங்க கொஞ்சம் அழகா தெரியறீங்க மாமா. அதான் பார்க்க வந்தேன்."

லாரி வந்தது. எட்டுப் புது வண்டிகளுடன், பெருமூச்சு விட்டபடி கேட்டின் முன்னால் நின்றது. பின்னாலேயே முதலாளியின் கார் வந்து மாட்டிக்கொண்டது. உள்ளே போக வழியில்லை, ஹாரன் அலறியது.

"யாரு இறக்கறது?" என்று டிரைவர் தலையை நீட்டினார்.

"யாரும் இல்லண்ணே," என்றார் பாலிஷ்.

டிரைவர் கட்டுப் போட்ட கண்ணைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பின்னால் அலறும் ஹாரனைக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு இஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கீழே இறங்கி வரிசையின் ஓரத்தில் நின்றார்.

தெருமுனையில் பஸ்ஸிலிருந்து வெள்ளை உடுப்பு ஒன்று இறங்கியது. கையில் நீளமான ரசீது.

கடிதம் வரவில்லை. வெட்டிய சம்பளமும் வரவில்லை. முதலாளி கார் கதவைத் திறந்து சேற்றில் கால் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பாலிஷ் தன் விரல்களை விரித்துப் பார்த்தார். காலை மணி ஏழு. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அந்த நேரத்தில் அவை காய்ந்திருந்தன. ஒரு கையால் மச்சானின் கையைப் பிடித்தார். இன்னொன்றைச் சீட்டக்கா ஏற்கெனவே பிடித்திருந்தார்.