நூல் விட்டுப் பார்த்த கதை

எங்கள் தறிக்கூடத்து மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம். தேநீர் குடிக்கும்போதுகூட ஒரு ஸ்பேனர் அவர் பின்பாக்கெட்டில் இருக்கும். அன்று மதிய இடைவேளையில் தறிகள் ஓய்ந்திருந்தபோது அவர் என் தறியருகே வந்து, பழுதாகாத ஒன்றைச் சரிபார்ப்பதுபோல் குனிந்து நின்றார்.

“அக்கா, உங்க தங்கச்சிகிட்ட கொஞ்சம் நூல் விட்டுப் பாக்கறீங்களா?”

“எதுக்கு?” தெரிந்தேதான் கேட்டேன்.

“என்னைக் கட்டிக்க இஷ்டமான்னு. நானே கேட்டு, அவங்க மாட்டேன்னுட்டா எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இங்க நிக்கறது? வேற தறிக்கூடம்தான் தேடணும்.”

என் தங்கை கணவனை இழந்தவள். சிரிக்க ஆரம்பித்தால்கூடப் பாதியில் நிறுத்திவிடுவாள். அவளும் இங்கேதான் நெய்கிறாள். அவள் தறி நின்றால் மட்டும் இந்த மனிதர் பறந்து வருவதை நான் கவனிக்காமல் இல்லை. எனக்கும் சம்மதம்தான். ஆனால் நூல் விடுவது லேசுப்பட்ட காரியமா? கேட்பது தெரியாமல் கேட்க வேண்டும். நம் மனதை மூடி வைத்துக்கொண்டு அடுத்தவர் மனதை மட்டும் அறிய வேண்டும். கொஞ்சமாக விட்டால் ஒன்றும் தெரியாது, அதிகமாக விட்டால் குட்டு உடைந்துவிடும். நானோ வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். பிழைப்பே நூலோடு என்றாலும் இந்த நூலை மட்டும் எனக்கு விடத் தெரியாது.

அன்று சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

“ஸ்பேனர் நல்ல மனுஷன், இல்ல?”

“யாருக்கு?” என்றாள் தங்கை.

“சும்மா, பொதுவா.”

“பொதுவா நல்லவர்தான். உனக்கென்ன திடீர்னு?”

நான் மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தேன். மறுநாளும் இதே லட்சணம்தான்.

அதற்கு அடுத்த நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. தறிகள் ஓடும்போது எங்கள் கூடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவோம். எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வார். சற்றுத் தள்ளி நெய்துகொண்டிருந்த தங்கையைக் கைகாட்டித் திருப்பி, பட்டென்று கேட்டுவிட்டேன்.

“ஸ்பேனரைக் கட்டிக்கறியா?”

அவள் தறியை நிறுத்தினாள். பதிலும் உதட்டிலேயே வந்தது.

“ஆசை இல்லாம இல்லக்கா. பயமா இருக்கு. இவரும் பாதியில போயிட்டா, இன்னொரு தடவ தாங்க என்கிட்ட தெம்பு இல்ல.”

அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, வாயைப் பார்த்தே படிக்கத் தெரிந்த ஒரு கூட்டத்தின் நடுவில் கேட்டுத் தொலைத்திருக்கிறேன். அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தறிக்கடியில் படுத்திருந்த ஸ்பேனரும் எண்ணெய்க் கையோடு எழுந்து நின்றிருந்தார். அவள் சொன்னதை அவரும் படித்துவிட்டார்.

மனிதர் ஓடிவிடுவார் என்று பயந்தேன். அவர் நின்ற இடத்திலிருந்தே உதட்டை அசைத்தார்.

“எனக்கும் அதே பயம்தாங்க. யார் முந்திப் போவாங்கன்னு நம்ம கையில இல்ல. இருக்கற வரைக்கும் உங்க கூட இருக்கேன். நீங்க வேண்டாம்னாலும் நான் வேற எங்கயும் போகல. உங்க தறியை யார் பாப்பாங்க?”

வேடிக்கை பார்க்க ஆளாளுக்குத் தறியை நிறுத்தியிருந்தார்கள். கடைசித் தறியும் நின்று கூடமே அமைதியாகிவிட்டது. என் தங்கைக்கு அது தெரியவில்லை. அவள் கண் அவர் முகத்தை விட்டு நகரவே இல்லை. இந்தப் பதிலுக்கு உதடு போதாது என்று நினைத்தாளோ என்னவோ, கணவர் போனதிலிருந்து ஒருவரிடமும் குரல் உயர்த்திப் பேசாத என் தங்கை, இன்னும் ஓடுவதாக நினைத்த தறிகளையெல்லாம் மீறிக் கேட்கும்படி கத்தினாள்.

“சரிங்க!”

தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள்.