மூலைவிட்டம் மட்டும்

பத்தாவது தடவையாக அதே வரியைப் பதிவேட்டில் எழுதினேன். "வேலை எண் 41. நினைவகம் போதவில்லை. நின்றது." காலை ஆறு மணி. கணினி மையத்தில் ஆபரேட்டரான எனக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்திருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றும்போது கதவுக்கு வெளியே தங்கச்சி நிற்பது தெரிந்தது. வீட்டில் போடும் ரப்பர் செருப்போடு வந்திருந்தாள்.

அந்த வேலை அவளுடையது. ஒரே அறையில், நடுவில் அலமாரியைப் போட்டு இரண்டாக்கிக்கொண்டு தூங்குகிறோம். ஆனாலும் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. நான்கு வருடம் புள்ளியியல் ஆராய்ச்சி செய்து பாதியில் விட்டவன் நான். அதே கைடிடம் அவள் சேர்ந்தாள். "அவளாவது கரையேறட்டும்" என்பாள் அம்மா, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து.

குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எந்த ஊரில் எவ்வளவு என்று அவள் மதிப்பிட வேண்டும். மொத்தம் இரண்டு லட்சம் ஊர்கள். ஒவ்வோர் ஊரும் பக்கத்து ஊர்களோடு மட்டும் தொடர்புடையது. ஆக, இரண்டு லட்சம் வரிசை, இரண்டு லட்சம் நிரல் கொண்ட ஓர் அணி, அதாவது மேட்ரிக்ஸ். பெரும்பாலும் பூஜ்யம். ஆனால் விடைக்காகக் கணக்கிடும் அதன் நேர்மாறில், அதாவது இன்வர்ஸில், பூஜ்யமே இருக்காது. நாலாயிரம் கோடி எண்கள். இந்த அறையிலுள்ள இயந்திரம் அத்தனையையும் தாங்காது. தினமும் விடிவதற்குள் மூச்சு முட்டி நின்றுவிடும். இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு இயந்திரம் வானிலைக்காரர்கள் கைக்குப் போகிறது. மூன்று மாதம் திரும்பாது. அவளுடைய உதவித்தொகை அடுத்த மாதம் முடிகிறது.

"இன்னைக்கும் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"ஏண்ணா?"

பத்து நாளில் முதல்முறையாகக் கேட்டாள்.

"நாலாயிரம் கோடி நம்பர்ல உனக்கு எத்தன வேணும்?"

யோசித்தாள். "விடை வேணும். அப்புறம் ஒவ்வொரு ஊருக்கும் பிழை எவ்வளவுன்னு. நேர்மாறோட மூலைவிட்டம் மட்டும்."

"ரெண்டு லட்சம். அதுக்குப் போயி முழு நேர்மாறையும் கேக்குற. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற கதை."

"கைடோட புரோகிராம் அப்படித்தான் இருக்கு."

"தெரியும். நானும் அதுல நாலு வருஷம் வெந்தவன்தான்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "தெரிஞ்சும் பத்து நாளா சொல்லல."

"நீ கேக்கல."

அது பாதி உண்மை. ஒவ்வொரு விடியலிலும் அது நின்றபோது எனக்குள் ஒரு பயல் கைதட்டினான். முழு நேர்மாறு தேவையில்லை என்று நான் போய் நின்றபோது கைடு சொன்னது நினைவிருக்கிறது: "எனக்கு நேர்மாறு வேணும், சாக்கு வேண்டாம்." அந்தக் கைதட்டலுக்காகவே பதிவேட்டை அழகான கையெழுத்தில் எழுதிவந்தேன்.

பையின் முன்பகுதியில், பஸ் அட்டைக்கு அடியில், என் பழைய பென்டிரைவ் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன்.

"இத இன்னும் வச்சிருக்கியா?"

"தூக்கிப் போட மறந்துட்டேன்."

பயனர் அறையில் அவள் உட்கார, நான் பின்னால் நின்றேன். ஆபரேட்டர்கள் அடுத்தவர் வேலையைத் தொடக் கூடாது. மூட்டை தூக்குறவன் மூட்டையைப் பிரிக்கக் கூடாது என்பார் சூப்பர்வைசர். அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். முதலில் அணியைப் படமாக வரையச் சொன்னேன். திரை முழுக்க எள்ளைக் கொட்டியதுபோலக் கரும்புள்ளிகள்.

"ஊரையெல்லாம் எப்படி அடுக்கின?"

"அகர வரிசையில. ஆபீஸ்ல குடுத்த பட்டியல் அப்படித்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் முதலில் அப்படித்தான் அடுக்கியிருந்தேன். பக்கத்து ஊர்களைப் பெயரின் முதலெழுத்துக்காக நாடு கடத்திவிட்டு, அணி சிதறிக்கிடக்கிறதே என்று அழுதிருக்கிறேன். அண்டை ஊர்கள் அடுத்தடுத்து வரும்படி மாற்றி அடுக்கி, அணியை முக்கோணமாக உடைத்து, கீழிருந்து மேலாக மூலைவிட்டத்துக்கு வேண்டியதை மட்டும் கறந்துவிடலாம். என் முடியாத ஆராய்ச்சியின் மூன்றாம் அத்தியாயம் அது. பென்டிரைவில் இருந்தது அதுதான். அதை யாரும் படித்ததில்லை.

ஐந்நூறு ஊர்களை மட்டும் எடுத்து, கைடின் வழியிலும் என் வழியிலும் போட்டுப் பார்த்தோம். முதல் முறை பொருந்தவில்லை. அவள் வரிவரியாகப் போய், நான் நான்கு வருடமாக விட்டுவைத்திருந்த ஒரு கழித்தல் குறியைக் கண்டுபிடித்தாள். மறுபடி ஓட்டினோம். ஒன்பதாவது தசமம்வரை இரண்டு விடையும் ஒன்றே.

"இதுக்கா படிப்ப விட்ட?" என்றாள்.

"வாய மூடிட்டு முழுசா ஓட்டு."

ஓட்டினாள். மணி ஒன்பது இருபது. நினைவக அளவுகாட்டி நான்கு சதவீதம்வரை ஏறியது. அங்கேயே நின்றது. பத்து நாள் மலையாகக் குவிந்த இடத்தில் ஒரு கைப்பிடி மண். பதினோராவது நிமிடம் திரையில் எண்கள் இறங்கின, இரண்டு லட்சம் ஊர்களும் வரிசையாக.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "யாருப்பா கை வச்சது?"

"கை வைக்கல சார். வாய்தான்."

அவளுடைய போன் அடித்தது. கைடு. ஸ்பீக்கரில் போட்டாள். "நேர்மாறு வந்துச்சாம்மா?"

"வரல சார்." என்னைப் பார்த்தாள். "விடை வந்துடுச்சு."

"எப்படி?"

"மூணாவது அத்தியாயம் சார். அண்ணனோடது."

நான் வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் படுத்தேன். எழுந்தபோது மாலை. அலமாரியின் என் பக்கத்தில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது, கோணலாக. மாற்றி அடுக்கிய அணியின் படம். எள் சிதறல் எதுவும் இல்லை. வெள்ளைத் தாளின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை, வகிடு எடுத்ததுபோல, ஒரே ஒரு கறுப்புக் கோடு.