தார்ப்பாய் இருட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்குத் திருப்பூரின் பாதி பனியன் கம்பெனிகள் வந்து உட்கார்ந்திருந்தன. சினிமா மேல் இருக்கிற ஆசையால் வந்தவர்கள் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். ஆளில்லாத ஷெட்டுகளில் ரகசியமாகக் கூடி, காது கிழியும் பாட்டுக்கு விடிய விடிய ஆடுகிற கூட்டத்தைப் பற்றிய படம் அது. ரேவ் பார்ட்டி என்று பெயராம். கதை நடப்பது பெங்களூரில். எடுத்தது என்னவோ சாமளாபுரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய தறி ஷெட்டில். ஆடுகிற கூட்டமெல்லாம் நம் கம்பெனி ஆட்கள்தான் என்று செய்தி பரவியதும், யார் யார் மூஞ்சி தெரிகிறது என்று பார்க்க ஊரே கிளம்பிவிட்டது.

வரவே பயந்தவள் சத்யப்பிரியா ஒருத்திதான். அந்தக் கூட்டத்தில் அவளும் ஆடியிருந்தாள். இப்போது அவளுக்கு இடதுபக்கம் கணவன் வேல்குமார், வலதுபக்கம் மாமியார் ஜானகியம்மாள். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியாது. ஆறு வயது மகளைக் காங்கேயத்தில் சத்யப்பிரியாவின் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, குடும்பமாகப் படம் பார்க்க வந்திருக்கிறார்கள். தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்துக் கூட்டி வந்துவிட்டார் ஜானகியம்மாள்.

பயம் வெறும் வெட்கத்தால் வந்ததில்லை. கல்யாணமான புதிதில், நெருப்பெரிச்சலில் இருக்கும் கம்பெனிக்கு அவள் வேலைக்குப் போகிறேன் என்றபோது மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "போயிட்டு வா கண்ணு, நான் தடுக்கல. ஆனா உன்ற பேர்ல ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னைக்கோட நின்னுக்கோணும்." ஒன்பது வருடமாக அப்படி ஒரு பேச்சு வராமல் பார்த்துக்கொண்டாள். தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்தவள், குறை கண்டுபிடிக்கிற செக்கிங் பார்த்து, போன வருடம்தான் லைன் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். முப்பது மெஷின்கள் அவள் சொல்லுக்கு ஓடும். உயிரையே அந்த லைனில்தான் வைத்திருந்தாள். அது கையை விட்டுப் போனால் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது?

எல்லாம் அனுசுயாவால் வந்த வினை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அவளுடைய லைனில் டெய்லராக இருப்பவள். சினிமாக்காரர்கள் ஆள் கேட்கிறார்கள், பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் கால் வலிக்காத ஆட்கள்தான் வேண்டுமாம் என்று வந்து காதைக் கடித்தாள். "யக்கா, ஒருநா சும்மா போய் ஆடிட்டு வருவோம். இருட்டுல யாரு நம்மளக் கண்டா?" என்றாள். சத்யப்பிரியா வீட்டில் அவசர ஷிப்மெண்ட், ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

போய்ப் பார்த்தால் பட்டப்பகல். ஷெட்டின் ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, பதினொரு மணி வெயிலை நடுராத்திரி ஆக்கி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் பேண்ட்டும் பனியனும் கொடுத்து, முகத்தில் பச்சையும் ஆரஞ்சுமாக மினுங்குகிற பெயிண்டை அப்பிவிட்டார்கள். சத்யப்பிரியாவுக்கு ஆடத் தெரியாது. அங்கே யாருக்குமே தெரியாது என்பது வேறு விஷயம். முதல் ஒரு மணி நேரம் ஸ்கூல் டிரில் மாதிரி கையைக் காலை அசைத்தாள். அப்புறம் எப்போது என்று அவளுக்கே தெரியாது, உடம்பு தானாக ஆடத் தொடங்கியது. மருமகளே என்று கூப்பிட ஆளில்லை, மேடம் என்று கூப்பிட ஆளில்லை. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததே இல்லை. சாயங்காலம் தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஷிப்மெண்ட் போயிருச்சா என்று மாமியார் கேட்டார். போயிருச்சுங்க அத்தை என்றாள்.

இடைவேளை வரை இரண்டு முறை அந்த ஆட்டம் வந்தது. அவள் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையை மேய்ந்தாள். அனுசுயாவின் முழங்கை மாதிரி ஒன்று தெரிந்தது. தன் தலைமுடி நுனிகூடத் தெரியவில்லை. விளக்குப் போட்டதும் அப்பாடா என்றிருந்தது.

வெளியே பாப்கார்ன் வரிசையில் நின்றபடி ஊர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. இதைவிடச் சத்தத்தில் தினமும் நிட்டிங் மெஷின் பக்கத்தில் நிற்கிறோம், நமக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அந்தப் பைத்தியங்கள் காசு கொடுத்துப் போய் நிற்கின்றன என்று ஒருவர் அங்கலாய்த்தார். ஹீரோ பனியனில் தோள் தையல் கோணல், அதை எந்தக் கம்பெனி பாஸ் பண்ணி அனுப்பியது என்று ஒரு டெய்லருக்குத் தாங்கவில்லை. போலீஸ் வந்ததும் இருநூறு பேர் ஓடினார்களே, ஒருத்தனாவது செருப்பைத் தேடினானா, அங்கேதான் படம் பொய் என்று வேட்டி கட்டிய பெரியவர் அடித்துச் சொன்னார். பாட்டு பிரமாதம், நெஞ்சுக்கூடே அதிருது என்று இளவட்டங்கள் குதித்தார்கள்.

பக்கத்துத் தெரு ராமாத்தாளுக்குத்தான் கோபம். அறிவு கெட்ட படம் என்றார். குடும்பத்துப் பெண்கள் எவளாவது இதில் ஆடியிருந்தால் அவளை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்று எட்டு ஊருக்குக் கேட்கிற குரலில் சொன்னார். சத்யப்பிரியா காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தை என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தாள். ஜானகியம்மாள் முப்பத்திரண்டு வருடம் செக்கிங்கில் இருந்தவர். எதையும் முழுசாகப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். "படம் முடியட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் பாதியில்தான் வந்தது வினை. கதாநாயகி சிநேகிதனைத் தொலைத்துவிட்டு அந்தக் கூட்டத்துக்குள் தனியாக நிற்கிறாள். பாட்டு நின்று வெறும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. கேமரா ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு போய், பச்சை பூசிய ஒரு முகத்தில் நின்றது. கண்ணை மூடி, பல்லெல்லாம் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டே ஆடுகிறாள் அந்தப் பெண்.

செத்தேன் என்று நினைத்தாள் சத்யப்பிரியா. ஒரு திரை அகலத்துக்கு அவள் முகம். ஆனால் பெயிண்ட் இருந்தது. அடுத்த நொடி வேறு முகத்துக்குப் போய்விட்டால் தப்பித்துவிடலாம். போகவில்லை. திரையில் இருந்தவள் கண்ணைத் திறந்தாள். எதிரே ஆடிக்கொண்டிருந்த யாரோ ஒரு பையனின் தோளில் நூல் பிசிறு ஒன்று தொங்குவதைப் பார்த்தாள். ஆட்டத்தை நிறுத்தாமல், இரண்டு விரலால் வெடுக்கென்று அதைப் பிய்த்து, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்து, கீழே போடாமல் உருட்டிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, மறுபடி கண்ணை மூடி ஆடப் போய்விட்டாள்.

திருப்பூர்க் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் காலரில் பிசிறு எடுக்கும், கல்யாண மேடையில் மாப்பிள்ளை சட்டையில் எடுக்கும், துக்க வீட்டில் கட்டிப்பிடித்து அழும்போதுகூட எடுக்கும். அன்றைக்கு எடுத்தது சத்யப்பிரியாவுக்கு ஞாபகமே இல்லை. கேமரா அந்தப் பக்கம் இருந்ததையும் அவள் பார்க்கவில்லை. டைரக்டருக்கு அது என்னவென்றே புரிந்திருக்காது, பார்க்க அழகாக இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

தியேட்டரே அந்தக் கையை அடையாளம் கண்டுகொண்டது. அப்புறம் கூரை பிய்ந்துவிடும் போல விசில். பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று, நம்ம ஊருப் புள்ளடா என்று கத்தினான். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. சத்யப்பிரியா மெல்ல வலதுபக்கம் திரும்பினாள். ஜானகியம்மாள் திரையைப் பார்க்கவில்லை. மருமகளின் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரைக்குத் திரும்பி, மிச்சப் படத்தையும் முழுசாகப் பார்த்து முடித்தார்.

வெளியே வந்தால் ஊருக்கு வேறு பேச்சே இல்லை. பிசிறு எடுத்த பெண் எங்கள் கம்பெனிதான் என்று பல்லடத்துக்காரர்கள் சொன்னார்கள். இல்லை, அந்தக் கையைப் பார்த்தாலே தெரியவில்லையா, எங்கள் கம்பெனி ஆள்தான் என்று அவிநாசி ரோட்டுக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். ராமாத்தாளே, அந்த ஒரு பொண்ணு மட்டும் நல்லா இருந்துச்சு, மத்ததெல்லாம் குப்பை என்று இறங்கி வந்துவிட்டார். இதையெல்லாம் கேட்டுச் சந்தோஷப்படவும் முடியாமல், கையும் காலும் ஓடாமல், சத்யப்பிரியா மாமியாருக்குப் பின்னால் நடந்தாள்.

அவர்களுடைய பழைய ஆம்னி வேன் பார்க்கிங்கின் கடைசியில் நின்றது. வேல்குமார் நிட்டிங் மெஷின்களைச் சரிசெய்கிற ஃபிட்டர், அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கு என்னவோ வாய் திறந்திருந்தது.

"படம் எனக்கு ஒண்ணும் புடிபடலம்மா. ஆனா அந்தப் பொண்ணு என்னமாச் சிரிச்சுது. பாத்துட்டே இருக்கலாம் போல இருந்துச்சு."

ஜானகியம்மாள் வேன் கதவில் கை வைத்தபடி நின்றார். "அன்னைக்கு ஷிப்மெண்ட்டுன்னு சொன்னது இதுதானா கண்ணு?"

பூசி மெழுகப் பார்க்கலாம். இன்னொரு பொய் சொல்லலாம். ஆனால் சத்யப்பிரியாவுக்கு அலுத்துவிட்டது. "ஆமாங்க அத்தை" என்றாள். சொல்லிவிட்டு மனதுக்குள் முப்பது மெஷின்களுக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

எந்த ஷிப்மெண்ட் என்று வேல்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அது உன்ற பொண்டாட்டிடா" என்றார் ஜானகியம்மாள்.

ஜானகியம்மாள் மருமகளிடம் திரும்பினார். "பேச்சு வந்தா நின்னுக்கோணும்னு நாந்தான் சொன்னேன். வந்திருச்சு. எங்க ஆளு எங்க ஆளுன்னு ஊரே அடிச்சுக்குது. இதுக்குப் போயி உன்னைய நிறுத்துனா என்னையத்தான் கிறுக்குன்னு சொல்லுவாங்க. நாளைக்கு எப்பவும் போலக் கம்பெனிக்குப் போ." மூச்சு வாங்கிக்கொண்டு, "பொய் சொன்னது தப்பு. அத ஊட்டுக்குப் போயி வெச்சுக்கறேன்" என்றார்.

சத்யப்பிரியா வேனில் சாய்ந்துகொண்டாள். ஒன்பது வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமும் அந்தப் பார்க்கிங்கில் வெளியே போயிற்று. வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளலாம்.

வேல்குமார்தான் அசையவில்லை. சாவியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தான். "எனக்கு அடையாளமே தெரியலையேம்மா" என்றான் கடைசியில்.

"எப்படித் தெரியும்? அவ அப்படிச் சிரிச்சு நீ எங்க பாத்திருக்கற?"

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. துணியில் இருக்கிற ஓட்டையைக் காட்டுகிற மாதிரி, இருப்பதைச் சொன்னார். சத்யப்பிரியா ஏதோ மறுத்துச் சொல்லப் பார்த்தாள். கண்தான் நிறைந்தது.

வேல்குமார் அவளைப் பார்த்தான். காதோரத்தில் பச்சை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறவன் மாதிரி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சாவியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தான். எங்கே போகிறாய் என்று ஜானகியம்மாள் கேட்டார்.

"ஆறரை மணி ஷோவுக்கு டிக்கெட் இருக்குதான்னு பாக்கறேன்" என்றான். "நான் இன்னும் அவளப் பாக்கலம்மா."