எனிசேய் மொழிகளும் எங்கள் வீட்டுப் பாயசமும்

என் அப்பா தைரியராஜ் கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார். அது சம்பளத்துக்கு. மற்ற நேரமெல்லாம் சைபீரியாவில் எனிசேய் என்று ஒரு ஆறு ஓடுகிறதே, அந்தப் பக்கத்து மொழிகளின் மூதாதை மொழி எப்படி இருந்திருக்கும் என்று தேடுவதுதான் அவருக்கு வேலை. அவற்றில் கெட் என்ற ஒன்றுதான் ஏதோ உயிரோடு இருந்தது, மற்றவை கிட்டத்தட்ட எல்லாமே செத்துப்போனவை. திருச்சி வெயிலில் பனியனோடு உட்கார்ந்து அவற்றுக்காக உருகுவார்.

ஆறு என்பதற்குக் கெட் மொழியில் செஸ், கோட் மொழியில் ஷெத், அரினில் ஸாத், பும்போகோலில் தாத். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றுக்கும் பாட்டன் சொல் எதுவாக இருக்கும் என்று அப்பா ஊகிப்பார். ஊகித்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடவேண்டும். யாரும் காதால் கேட்டதில்லை, ஆனால் இருந்தே தீர வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பழைய ஜெர்மன் புத்தகத்தை வாசித்துச் சொல்ல ஸ்ரீரங்கத்தில் வேதாந்தம் என்று ஒரு சிநேகிதர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா பஸ் ஏறிவிடுவார். திரும்பி வந்ததும் அவர் எழுதிக்கொண்டு வந்ததை நான் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும்.

நாலு சொல் ஒன்று போல இருந்தால் ஒரே வம்சம் என்று குதித்துவிடக் கூடாது, பக்கத்தில் கடன் வாங்கியதாகவும் இருக்கும் என்பார். கோட்காரர்கள் துருக்கி இனத்தாரிடம் வாங்கிய சொற்கள் ஏராளமாம். ஊருக்கெல்லாம் சொல்லுவார், தான் கேட்க மாட்டார்.

அறுபத்து நாலில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அடைக்கலராஜ், காட்டூர்க்காரர், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க். திருவிழாப் பாட்டுக் குழுவில் அவர் குரலைக் கேட்டிருக்கிறேன். கட்டினால் இந்த மனுஷனைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கப்பட்டு மறைக்க அதில் என்ன இருக்கிறது?

அம்மா எல்லாருக்கும் டம்ளரில் பாயசம் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகம் மலர்ந்தார். "அட, மிளகு தட்டிப் போட்ருக்கீங்களே! எங்க வீட்லயும் இப்படித்தாங்க."

அப்பா நிமிர்ந்தார். "உங்க வீட்லயுமா? வேற எங்கயும் நான் பாத்ததில்லையே!"

"எங்க தாத்தா காலத்துப் பழக்கங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா அற்புதசாமி, பெருமையாக.

"எங்க வீட்லயும் பரம்பரையா வர்றதுதான்" என்று எழுந்தே விட்டார் அப்பா. "இனிப்புல மிளகு போடணும்னு ஒரு அவசியமும் கிடையாது. அவசியமே இல்லாத ஒண்ணு ரெண்டு குடும்பத்துல இருந்தா, ரெண்டும் ஒரே இடத்துலேர்ந்துதான் வந்திருக்கணும். உங்க தாத்தாவுக்கும் எங்க தாத்தாவுக்கும் மேல ஒரே பாட்டன் இருந்திருக்காருங்க! பேரு தெரியாது. நட்சத்திரம் போட்டுக்கலாம்!"

அற்புதசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரே பாட்டன்னா நாம பங்காளிங்க. பங்காளி வீட்ல பொண்ணு எடுக்கலாமா? அண்ணன் தங்கச்சி முறையால்ல ஆகுது?"

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. அடைக்கலராஜ் என்னைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

"சும்மா ஒரு ஊகம்தாங்க" என்று முனகினார் அப்பா.

"இருந்திருக்காருன்னு அடிச்சுச் சொன்னீங்களே" என்று அற்புதசாமி எழுந்து செருப்பைத் தேடினார்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் திறந்துவிட்டேன். "ஏம்ப்பா, கோட்காரங்க மட்டும்தான் கடன் வாங்குவாங்களா? பாயசம் வைக்கிறது நீங்களா, அம்மாவா? அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா லூர்துராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் கல்யாணமாகி வந்தப்ப இந்த வீட்ல பாயசம்னா வெறும் வெல்லத் தண்ணி. மிளகு நான் கொண்டாந்ததுங்க. கன்னியர் மடத்து போர்டிங்ல படிச்சேன். மழை நாள்ல பிள்ளைங்க இருமுதுன்னு சமையக்காரம்மா பாயசத்துலயே மிளகைத் தட்டிப் போட்ருவாங்க."

மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் கை வைத்தார். "வியாகுலம்மாளா? மூக்குப்பொடி போடுவாங்களே?"

"அவங்களேதான்! நீங்களும் அங்கயா?"

"உங்களுக்குப் பின்னாடி வந்திருப்பேன் போல. மிளகை ஒதுக்கினா கையில அடி விழுமே!"

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அற்புதசாமிதான் விடவில்லை. "இல்ல, எங்க தாத்தா காலத்துல..."

"உங்க தாத்தா போய்ச் சேர்ந்து எவ்வளவோ நாள் கழிச்சு நான் வந்தேன். பேசாம உக்காந்து குடிங்க" என்றார் அவர் மனைவி.

உட்கார்ந்து குடித்தார். அப்பா அம்மாவைப் பார்த்து, "முன்னோர் சொத்துன்னு நெனச்சுல்ல இத்தனை வருஷமா குடிச்சேன், லூர்து" என்றார்.

"கேட்டாத்தானேங்க சொல்லுவேன்" என்றாள் அம்மா.

நிச்சயம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குக் கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், உறவுமுறைத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் அறிவிப்பார். அதற்கு யாரும் பதில் சொல்கிற வழக்கம் இல்லை. ஆண்கள் பக்கத்தில் அப்பா எழுந்து நின்றார்.

பாவி மனுஷனுக்கு இன்னொரு ஒற்றுமை தட்டுப்பட்டுவிட்டதா? அம்மா ஜெபமாலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"நீங்க பொண்ணோட அப்பா ஆச்சே" என்றார் சாமியார். "உங்களுக்கே தடை தெரியுதா?"

"தடை ஒண்ணும் இல்லைங்க, சாமி" என்றார் அப்பா. "பங்காளின்னு நான்தான் ஒரு தடவை தப்பாச் சொல்லிட்டேன். யார் காதுலயாவது விழுந்திருந்தா நம்ப வேண்டாம். வீட்டுப் பொம்பளைங்ககிட்ட கேக்காம சொன்னது அது."

கோயில் என்றுகூடப் பார்க்காமல் பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. நான் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதேன்.