பதினோரு சுற்று

பத்தொன்பது வருஷமாக நான் சைக்கிள் தொழிற்சாலையில் சக்கரங்களுக்குக் கோட்டம் எடுக்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுழலவிட வேண்டும், எங்கே நெளிகிறதென்று பார்க்க வேண்டும், அங்கே கம்பியை முறுக்கி நேராக்க வேண்டும். என் கை பட்ட சக்கரங்கள் ஊர் ஊராகப் போயிருக்கின்றன. நான் மட்டும் ஸ்டூலை விட்டு அசைந்ததில்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை வெளியே சொல்லவே வெட்கம்.

லேடீஸ் சைக்கிளை ஓட்டிப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடுகிறவரின் பெயர் மலை. நாங்கள் வைத்த பெயர்தான். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். அவர் ஏறி உட்கார்ந்தால் சைக்கிள் கண்ணுக்குத் தெரியாது. பெண்களுக்கு இது வெகு வசதி என்று பன்னிரண்டு வருஷமாக அவர்தான் எழுதிக் கொடுத்தார். இதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு கடிதங்கள் வந்தன. ஒன்றிரண்டல்ல, நாற்பது. எல்லாம் பெண்கள் எழுதியவை. பிரேக்கைப் பிடிக்கப் போனால் வண்டி நிற்கவே மாட்டேன் என்கிறதாம். ஒருத்தி வாய்க்காலிலேயே இறங்கிவிட்டாளாம். மேனேஜர் அதைச் சத்தமாகப் படித்துக்காட்டி, ஓட்டத் தெரியாதவள் ஏறினால் வண்டி என்ன செய்யும் என்று விழுந்து விழுந்து சிரித்தார். தலைமை அலுவலகம் சிரிக்கவில்லை. லேடீஸ் சைக்கிளை இனி ஒரு பெண்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டது.

மேனேஜர் தொழிற்சாலைப் பெண்கள் இருபத்திரண்டு பேரையும் நிற்கவைத்து, யாருக்கு ஓட்டத் தெரியும் என்று கேட்டார். தெரிந்தவர்கள்கூட வம்பெதற்கு என்று தரையைப் பார்த்தார்கள். அப்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைத் தூக்கிவிட்டேன். திங்கட்கிழமை ஓட்டிக்காட்ட வேண்டும். சொதப்பினால், இங்கே பெண்கள் யாருக்கும் தெரியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டு மலையையே வைத்துக்கொள்வார். நான் ஸ்டூலிலேயே கிடக்க வேண்டியதுதான். அன்று புதன்கிழமை.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கி வந்தார். அதில் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. விடிந்ததும் கேரியரைப் பிடித்துக்கொண்டு 'ரைட், ரைட்' என்பார், நான் மிதிப்பேன். 'ஹோல்டான்' என்பார், அவரே இழுத்து நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் பார்த்தால் மனிதர் வெகுதூரம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். நான் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சந்தோஷத்தில் அழுதுகொண்டே போய் வேலியில் விழுந்தேன். நிறுத்தவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

திங்கட்கிழமை தொழிற்சாலை முற்றத்தில் புத்தம்புது லேடீஸ் சைக்கிள். முதல் சுற்றில் எங்கள் பெண்கள் கைதட்டினார்கள். இரண்டாம் சுற்றில் மேனேஜர் போதும், இறங்கலாம் என்றார். பிரேக்கைப் பிடிக்க விரலை நீட்டினேன். நுனி பட்டது, மடங்கவில்லை. இன்னும் நீட்டினால் ஹேண்டில் ஆடியது. மிதிப்பதை நிறுத்தினால் விழுந்துவிடுவேன் என்று பயம். என் தப்புதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சுற்றினேன். ஐந்தாம் சுற்றில் மேனேஜர், எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறார் என்று நோட்டில் எழுதினார். எட்டாம் சுற்றில் அதை அடித்தார். பதினோராம் சுற்றில் கால் விட்டுப்போய், "ஹோல்டான்" என்று கத்திவிட்டேன். மலையும் தினம் பஸ்ஸில் வருகிறவர். ஓடிவந்து ஒரே கையால் கேரியரைப் பிடித்து நிறுத்தினார்.

"பிரேக் எதுக்கும்மா இருக்கு?" என்றார் மேனேஜர்.

பொய் சொல்லத் தெம்பில்லை. "எட்டல சார்."

மேனேஜர் சிரித்தார். பன்னிரண்டு வருஷமாக இவருக்கு எட்டுகிறதே என்று மலையைக் காட்டினார். மலை சிரிக்கவில்லை. என் கையை ஹேண்டிலில் வைக்கச் சொன்னார். பக்கத்தில் தன் கையை வைத்தார். அவர் விரல் என்னுடையதைவிட ஒரு கணு நீளம்.

"அந்த வாய்க்கால் பொண்ணு மேல தப்பில்ல சார். வேற யாரையும் ஒரு தடவகூட பிடிச்சுப் பாக்கச் சொன்னதில்ல நான். சரின்னு கையெழுத்துப் போட்டது நான்தான்."

அதுவரை அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு எங்கோ போய்விட்டது.

எங்கள் பெண்கள் வரிசையாக வந்து பிடித்துப் பார்த்தார்கள். பதினேழு பேருக்கு எட்டவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து மேனேஜரும் மெதுவாகக் கையை வைத்தார். குள்ளமான மனிதர், கையும் அளவாகத்தான் இருக்கும். வைத்த வேகத்தில் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டு பேரும் பார்த்துவிட்டோம். அன்று சாயங்காலமே அந்த வேலைக்கு என் பெயரை எழுதி அனுப்பினார்.

மூன்று வாரத்தில் பிரேக் மாறியது. முதல் வண்டியை நான்தான் முற்றத்தில் எடுத்தேன். முகத்தில் காற்றடித்தது. இத்தனை வருஷம் ஒரே இடத்தில் சுழலவிட்ட சக்கரம் இன்று என்னையும் கூட்டிக்கொண்டு போயிற்று. வாசலருகே எனக்கு நானே 'ஹோல்டான்' சொல்லி இரண்டு விரலை மடக்கினேன். வண்டி நின்றது. கேரியரைப் பிடிக்க ஓடிவந்த மலை, நீட்டிய கையோடு அப்படியே நின்றார்.